விளக்குப் படம்

கொளத்துப்பாளையம் சந்தைக் கொட்டகை.
நனைத்துக் கட்டிய வேட்டியின் மேல்
உபதேசியார் ஞானாபரணம் கண்ணாடித் தகட்டைச் செருகினார்.
தலைகீழ். சிரிப்பு. திருப்பிப் போட்டார்.
"ராகேல் கல்லறை."
"எங்களுக்கு ராஹீலம்மா" என்றார்
தோல்மண்டி மஸ்தான் ராவுத்தர்.

வெள்ளைக் குவிமாடம்.
மூடி திறந்திருந்த நேரமெல்லாம் அசையாதிருந்த
கழுதை தெளிவாக விழுந்திருக்கிறது.
கும்பிட வந்தவர்கள்
குனிந்து நிமிர்ந்ததில் ஒரே புகை.
யார் யூதர், யார் துருக்கர், யார் வேதக்காரர்,
தகட்டுக்குத் தெரியவில்லை.

"எதுல செத்தாளாம்?"
"பிரசவத்துல. போற வழியில."

பின்வரிசையில் வெள்ளையாத்தா எழுந்தாள்.
போன ஐப்பசியில்
தாராபுரம் பாதையோரம் மகளுக்கு நட்ட கல்லில்
இன்னும் யாரும் பாரம் இறக்கவில்லை.

"ஏனுங்க, சுமைதாங்கி எங்க?
படத்துல காணமே."

உபதேசியார் தகட்டை மாற்றவில்லை.
எண்ணெய் தீரும்வரை
அதே கழுதை, அதே புகை.