ஸ்டாண்டு இல்லாத வண்டி

எண்ணூர் விரைவுச் சாலை, ஐந்து மணி.
கன்டெய்னர் லாரிகளின் குறட்டைக்கு நடுவே
எனக்கு மூன்றடி.

காசிமேட்டில் டீ.
"இன்னா வெலண்ணே?" என்றான் டெல்லஸ்.
வீட்டில் சொன்ன பொய்யையே சொன்னேன்:
பாதி.
"ஸ்டாண்டு?"
இல்லை.
"கேரியர்? பெல்லு?"
இல்லை.
"அப்ப துட்டு எதுக்குத்தான்?"

மஸ்தான் கடை வாடகை வண்டி
பதினேழாம் நம்பருக்கும் பெல் கிடையாது.
பிரேக் என்பது என் செருப்பு.
ஆறுக்கு விடவேண்டியதை
ஆறு ஐந்துக்கு விட்டால்
இன்னொரு மணிக்கான காசு.

திரும்பும்போது வாடை, நேர் எதிரே.
கியரை இறக்கி, முதுகை மடக்கி,
உப்பைத் தின்றபடி மிதிக்கிறேன்.
ஐஸ் பெட்டி கட்டிய அட்லஸில்
மடித்துக் கட்டிய லுங்கி ஒன்று
பீடி அணையாமல் என்னைக் கடக்கிறது.

வெட்கப்படாமல்
பின்னால் ஒட்டிக்கொண்டேன்.
டோல்கேட் வரை காற்றே இல்லை,
நெத்திலி வாசம்தான்.