ஏழாம் அறை

மத்தியானம் ரெண்டு மணிக்கு
சுளகைத் தூக்கிக்கொண்டு பிரம்மசக்தி வந்துவிடுவாள்.
அவள் வீட்டில் தகரக்கூரை, எங்கள் வீட்டில் ஃபேன்.
வந்து உட்கார்ந்து இலையை உதறி விரித்ததும்
பாரீஸ்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்.
அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள்,
அது போகவில்லை.
பேட்டரி செத்துவிட்டது.
வயரைப் பிடுங்கினால் ஐரோப்பா அணைந்துவிடும்.
கே என்கிற பொத்தான் பெயர்ந்து போனதால்
அந்த எழுத்துள்ள ஊர்களுக்கு மட்டும்
நாங்கள் போனதில்லை.

பத்து விரலிலும் தூள்.
முழங்கையால்தான் நடப்போம்.
ஒரு தட்டு, ஒரு எட்டு.

முதல் வாரம் கோபுரம் கோபுரமாய்ப் பார்த்தோம்.
சாய்ந்து நிற்கிறதைக் காட்டினால்
“காண்ட்ராக்டரை உள்ள தூக்கிப் போடலையாட்டி?” என்றாள்.
ரோமில் இடிந்து கிடக்கிற வட்டத்துக்கு டிக்கெட் என்றதும்
பீடியைக் கட்டாமல் கொஞ்ச நேரம் சிரித்தாள்.
அப்புறம் வெளியே போவதை விட்டுவிட்டோம்.
உள்ளே வெயில் இல்லை.
அறைக்குள் அறை, அதற்குள் இன்னொன்று,
கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி.

இருபத்தைந்து சுற்றினால் ஒரு படம்,
அவள் வைத்த விதி.
மீறுவதும் அவள்தான்.

ஆம்ஸ்டர்டாமில், ஏழாம் அறையில்,
ஊசிக்கு நூல் கோர்க்கிற ஒருத்தி.
முன்னூறு வருஷமாய் நுழையவில்லை.
“எச்சியைத் தொட்டுக்கிட்டா போயிரும்”
என்று இங்கிருந்து சொல்லிப் பார்த்தாள்.
பெரிதாக்கினேன். இன்னும். இன்னும்.
முகம் போய், கை போய்,
திரை முழுக்கக் கட்டைவிரல் நகம் மட்டும்.
வெயிலில் வற்றிய மானூர்க் குளம்போல்
அதில் வெடிப்பு வெடிப்பாய்.
எங்கள் நகத்தையும் பார்த்துக்கொண்டோம்.
இலை மடக்கி மடக்கி
ஒருபக்கமாய்த் தேய்ந்தது.

நேரில் போகிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டியிருக்கிறது.
நாலடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.
எங்களுக்குக் கயிறு இல்லை.

பின்வாங்கித் திரும்பியபோதுதான் அவளைக் கண்டோம்.
மூலையில் நாற்காலி. நாற்காலியில் ஒருத்தி.
கறுப்புக் கோட்டு, கழுத்தில் அட்டை,
மடியில் கோத்த கைகள்.
முகம் இல்லை.
ஈரக் கையால் கோலத்தைத் தேய்த்தாற்போல்
இயந்திரம் அழித்திருக்கிறது.
படத்தில் இருக்கிறவளின் புருவ மயிரை எண்ணலாம்,
காவல் இருக்கிறவளுக்கு மூக்குகூடக் கிடையாது.

“கிட்டப் போகாதீயன்னு நம்மளச் சொல்ல வேண்டியவ
இவதானே?”
என்றாள் பிரம்மசக்தி. பிறகு
“நாள் பூரா இப்படியே இருக்கணுமோ.”
பிறகு
“ஒண்ணுக்குப் போக விடுவானுவளா.”

அன்றிலிருந்து படம் பார்ப்பது குறைந்து போயிற்று.
நாற்காலி தேடுகிறோம்.
வியன்னாவில் ஒருவன் நின்றபடி
ஒரு காலை மறுகால்மேல் தேய்த்துக்கொள்கிறான்.
மாட்ரிட்டில் நாற்காலி மட்டும், முதுகில் ஒரு ஸ்வெட்டர்.
டீ குடிக்கப் போயிருப்பாள்.
லண்டனில் ஒரு கற்சிலைக்கும் முகத்தை அழித்திருந்தது.
ரெண்டாயிரம் வருஷத்து ஆள்,
யாருக்கு அடையாளம் தெரிந்துவிடப் போகிறது?
அவள் சிரித்ததில் தூள் பறந்து
ரெண்டு பேருக்கும் தும்மல்.

நேற்று நம் தெருவைப் பார்ப்போம் என்றாள்.
முக்கூடல் என்று அடிக்கக் கே வேண்டும். இல்லை.
வரைபடத்தை இழுத்து இழுத்து,
கடல் தாண்டி, மலை தாண்டி,
ஆறு வளைகிற இடம்வரை கொண்டுவந்தேன்.
மஞ்சள் பொம்மையைப் பிடித்துத் தூக்கினேன்.
காலை ஆட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினான்.
பீடிக்கடை வாசலில் இறக்கினால்
ஊன்ற இடமில்லாமல் ஓடிப் போய்விட்டான்.
மூன்று தரம்.
“விடு. நம்ம மூஞ்சியாவது அழியாம இருக்கட்டும்.”

நாலரைக்குக் கரண்ட் போனது.
எண்ணினோம். எழுநூற்றுப் பத்து.
ஆறு மணிக்குக் கடையில் கொடுக்க வேண்டும்,
கழிவு எடுத்தது போக.

இங்கே நாலரை என்றால் அங்கே என்ன?
பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும் என்றேன்.
“சாப்பாட்டுக்கு எந்திரிச்சிருப்பா.
ஒரு நடை நடந்துட்டு வரட்டும்”
என்று சொல்லித் தானும் எழுந்து,
மரத்துப்போன காலைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டி,
மறுபடி உட்கார்ந்தாள்.