இரண்டு சாவி

மலாபா எல்லைக்கு இன்னும் பத்தொன்பது கிலோமீட்டர்
என்கிறது மைல்கல்.
எட்டு நாள் என்கிறது
லாரி வரிசை.

என் வண்டியில் உப்பு.
உப்பு விற்கப் போனால் மழை என்பார்களே,
மழைதான்.
தார்ப்பாயின் கிழிசலுக்குக் கீழே
உகாலி கிண்டும் பானையை வைத்துவிட்டுப்
பசியோடு படுக்கிறேன்.

துவைத்த முகக்கவசம் இரண்டு
பக்கக் கண்ணாடியில் காய்கின்றன.
பின்னால் வருவது தெரியாது.
வருவதற்கு என்ன இருக்கிறது,
எல்லாம் நிற்கிறது.

ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டால்
கதவைச் சாத்துகிறார்கள்.
நமால்வா மட்டும் தேநீரோடு வருவாள்.
கோப்பையை மரக்கட்டைமேல் வைத்துவிட்டு
நான் பத்தடி பின்வாங்க வேண்டும்.
அவள் வந்து உயரத்திலிருந்து ஊற்றிவிட்டுப்
பத்தடி போவாள்.
காசை அவளுடைய சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட வேண்டும்.
மீதிச் சில்லறை நுரையோடு வரும்.

முன் வண்டி ஒங்கேரியுடையது. சிமென்ட்.
பதினேழு வருடம் இந்தச் சாலையில்
ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள்.
மூன்றாம் நாள் இரவு
ஆவி பறக்கும் உகாலியும் பொரித்த ஓமேனா மீனுமாய்
என் கதவடிக்கு வந்தான்.
"கை கழுவிட்டு வா."

கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினேன்.
"உன் தட்டு உனக்கு, என் தட்டு எனக்கு.
இந்த முறை மட்டும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தன் பின்சக்கரத்தில் சாய்ந்து
எனக்கு முதுகு காட்டி
முழுவதையும் தின்று முடித்தான்.
இருவருக்கான அளவு அது.

மறுநாள் மூக்கில் குச்சி விட்டார்கள்.
அதற்கு முன் நெற்றிக்கு நேராக எதையோ நீட்ட
என் கைகள் தாமாகவே மேலே போயின.
நர்ஸ் சிரித்தாள்.
கவசம் உப்பித் தாழ்ந்ததில் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பட்டியல் வாசித்தார்கள்.
எனக்கு இல்லை.
ஒங்கேரிக்கு இருந்தது.

வெள்ளை அங்கியில் மூன்று பேர்.
ஒரு போர்வை, ஒரு சார்ஜர், ஒற்றைக் காலுறை
எடுத்துக்கொண்டு இறங்கியவன்
சாவியை யாரிடம் தருவதென்று
தெரியாமல் நின்றான்.
கையில் வாங்க யாருமில்லை.
நமால்வாவின் டப்பாவைக் காலால் தள்ளினேன்.
"இதுல போடு."

ப்ளக்.

வரிசை நகரும்.
ஒரு வண்டி நீளம், சில நேரம் அரை.
முதலில் அவன் வண்டி.
கதவுப் பிடி, ஸ்டீயரிங், கியர்க் குமிழ் துடைத்து
ஜன்னல்களை இறக்கி நகர்த்தி
இறங்கி, கை கழுவி,
நடந்து வந்து என் வண்டியை நகர்த்தி
மறுபடி கை கழுவி.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.
விரல் முட்டியெல்லாம் வெடித்துவிட்டது,
மூட்டையைத் தொட்டால் உப்பு எரிகிறது.

அவன் இருக்கைக்கு அடியில் அந்தத் தட்டு
மீன் முள்ளோடு கிடந்தது.
முதல் நாள் அதைத் தொடவில்லை.
இரண்டாம் நாள் கழுவினேன்.

நேற்று இரவு போன்.
முதலில் இருமல் வந்தது, பிறகு குரல்.
"மகோகா, ரேடியோவை அணைச்சியா?
பேட்டரி இறங்கிடும்."
அணைச்சாச்சு.
"சிமென்ட் நனைஞ்சுதா?"
இல்லை, தார்ப்பாய் ரெண்டு போட்டிருக்கு.
"என்கிட்ட ஒண்ணுதானே இருந்தது?"
உப்புக்கு எதுக்குடா தார்ப்பாய் என்றேன்.
சிரித்தான்.
சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்க நேரம் பிடித்தது.
வைக்காமல் காத்திருந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

மைல்கல் இப்போது பதினொன்று என்கிறது.
முன்னால் சிவப்பு விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைகின்றன.
சோப்பை எங்கே வைத்தேன்.