துண்டுப் பென்சில்

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில்.
பள்ளிக்கூடம் கோயிலுடையது.
சுவர்ச் சிலுவையைக் கழற்றுவதா என்று
காலையில் கொஞ்சம் வாக்குவாதம்;
ஏணி கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

ராஸ்காமனில் மழை.
பெயர் சரிபார்த்துச் சீட்டு கிழித்துத் தருவது
கான்செப்டாவின் வேலை.
அவளும் பிரீடாவும் ஒரே வீட்டில்
முப்பத்தொரு வருடம்.
ஊர் அதற்குச் சொல்வது: சிநேகிதிகள்.
நல்ல சொல்தான்.
அதற்குள் இன்னொரு சொல்லை
மடித்து வைக்கலாம்.

பதினோரு மணிக்கு ஃபாதர் மாலக்கி,
குடையை உதறியபடி.
நாலு ஞாயிறாகப் பூசையில்
சட்டத்தைப் பற்றியே பேசியவர்
சட்டத்தின் வரிசையில் நின்றார்.
"பிரீடாவுக்கு முழங்கால் எப்படி?"
"படியேறுகிறாள், ஃபாதர்."
இடதா வலதா என்று கேட்கவில்லை.
அவருக்குத் தெரியும்.
எல்லாமே தெரியும்.

மறைப்புக்குள் வெகுநேரம் இருந்தார்.

கூட்டம் ஓய்ந்ததும் இவள் போனாள்.
நூலில் கட்டிய பென்சில் இன்னும் வெதுவெதுப்பாக.
ஆம் ஒன்று, இல்லை ஒன்று, இரண்டே கட்டம்.
குறுக்கே இரண்டு கோடு போட வேண்டும்,
சுவரில் இருப்பதுபோலத்தான்,
சற்றே சாய்த்து.

முனை உடைந்திருந்தது.
எந்தக் கட்டத்தில் அப்படி அழுத்தினாரோ
ஆண்டவருக்கும் பெட்டிக்கும் வெளிச்சம்.

நகத்தால் மரத்தைக் கிள்ளி
மிச்சமிருந்த கரியால்
போட்டாள்.