உங்கள் பகுதியில்

இரவு பதினொன்றுக்கு வாங்கியபோது இருந்தது.
நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பங்க் நடத்தும்
இரண்டு பெண்களின் விளையாட்டு,
முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
மூன்றாம் அத்தியாயத்தில், மழையில், ஒரு முத்தம் உண்டாம்.
பதினெட்டு தாண்டியாயிற்றா என்று கேட்டது.
எனக்கு முப்பத்தொன்று. ஆமாம் என்றேன்.

மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால்
கடையில் அந்தப் பெயரே இல்லை.
'உங்கள் பகுதியில் கிடைக்காது.'
என் பகுதி என்றால் பாலக்கோடா,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த ஒற்றை அறையா?
கார்டு கம்பெனி முகம் சுளித்ததாம்.
யார் முகம் என்று யாரும் சொல்லவில்லை.

தலையைக் குறிபார்த்துச் சுடுகிற ஆட்டம் மட்டும்
எண்பது சதவீதத் தள்ளுபடியில்
முதல் பக்கத்திலேயே நின்றது.

நாலு மணிக்குத் தக்காளி மண்டியில் கணக்கு.
அடிபட்டதையெல்லாம் மாதையன்
தனியாகக் குவித்திருந்தார்.
"இது ஒடஞ்சது, பாத்து எடு."
அவ்வளவுதான் சொல்வார்.
ஓட்டல்காரர் பார்த்து, அதிலேயே
இரண்டு பெட்டி எடுத்துப் போனார்.

மதியம் பணம் திரும்பி வந்துவிட்டது,
கேட்காமலே.

நல்ல வேளை, ராத்திரியே இறக்கியிருந்தேன்.
ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நோரா பம்பைத் துடைக்கிறாள்.
இன்னும் மழை வரவில்லை.