அரை மாத்திரை

முதலில் போனவன் ட்ரம்மர் வியாகுலம்.
ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான்.
அடுத்து லீட் கிடார் இளம்பரிதி,
மாமனார் ஊரில் உரக்கடை.
கடைசியாகப் பாடகன் சுல்தான் மரைக்கான்.
போகிறேன் என்று சொல்லவில்லை.
ஒரு ஒத்திகைக்கு வரவில்லை,
அடுத்ததற்கும் வரவில்லை.

மிச்சம் நான், பேஸ் கிடார்.
பேஸ் கிடார்காரன் இருக்கிறானா போய்விட்டானா என்று
எந்த ஊரிலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

குழுவின் பெயர் கடைமடை.
திருத்துறைப்பூண்டியில் ஒரு ரைஸ்மில் குடோன்,
எதிரொலியைத் தவிட்டு மூட்டைகள் தின்றுகொண்டிருந்த ஆடி மாதம்,
அங்கே வைத்த பெயர்.
'தண்ணியே கடைசியா வர்ற ஊருக்கு
ராக் மட்டும் முந்தியா வந்துரும்?' என்றான் சுல்தான்.
பேஸ் ட்ரம்மின் தோலில்
சிவப்புப் பெயின்ட்டில் எழுதியவனும் அவன்தான்.
கடைசி 'டை' கோணிக்கொண்டு போயிருக்கும்.

இப்போது பாடுவது அருள்செல்வி,
கொரடாச்சேரியிலிருந்து ரயிலில் வருகிறாள்.
லீட் கிடார் பென்னி.
ட்ரம்ஸ் முகில்வண்ணன், பத்தொன்பது வயது.
எங்கள் முதல் பாட்டு பதிவானபோது
அவன் பால்வாடியில் சத்துமாவு தின்றுகொண்டிருந்தான்.

'நீங்க அதே கடைமடைதானா?'
கேட்கிறவர்களே பதிலும் வைத்திருப்பார்கள்:
'தண்ணி மாறும், ஆறு மாறுமா சார்?'
பங்குனியில் வந்து பாருங்கள்.
முள்ளியாற்றின் நடு மணலில்
பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஆடுகிறார்கள்.
அதையும் ஆறு என்றுதான் சொல்கிறோம்.
பெயரை நம்பி ஒன்றும் சொல்வதற்கில்லை.

போன மாதம் திருவாரூரில் கல்லூரி விழா.
மூன்றாவது பாட்டின்போது பார்த்தேன்,
ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி
சுல்தான்.
பாதித் தலை நரைத்திருந்தது.
யாரோ அடையாளம் கண்டு கத்தினார்கள்,
'ஒரிஜினல் குரல்! மேல ஏத்துங்க!'
அருள்செல்வி மைக்கை நீட்டினாள்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
மைக் வயர் மட்டும்
மணிக்கட்டில் இரண்டு சுற்று இறுகியிருந்தது.

'உப்பு லாரி' பாடினான், நாங்கள் போட்ட முதல் பாட்டு.
சுருதி எட்டவில்லை.
பென்னி அரைக்கட்டை இறக்கிப் பிடித்தான்.
இரண்டாம் சரணம் மறந்துபோனது.
அவன் எழுதிய வரியை
அவன் காதருகில் எடுத்துக் கொடுத்தாள் அருள்செல்வி.

அப்புறம் மூன்றாவது சுற்று.
பதிவில் அந்த இடத்தில்
வியாகுலம் அரை மாத்திரை முந்தி அடித்துவிட்டான்.
மறுபடி எடுக்க ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை.
மேடையில் அவன் ஒருநாளும்
அந்தத் தப்பைச் செய்ததில்லை.

முகில்வண்ணன் ஒருநாளும் செய்யாமல் இருந்ததில்லை.
திருத்திப் பார்த்தேன்.
'ரெக்கார்டுல அப்படித்தாண்ணே இருக்கு' என்றான்.
பென்னி பழகினான், அவள் பழகினாள்,
என் விரலும் எப்போதோ பழகிவிட்டது.

அன்றும் முந்தி விழுந்தது அடி.
நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தாவினோம்.
சுல்தான் மட்டும்
சரியான இடத்தில்
தனியாக நின்றான்.

திரும்பிப் பார்த்தான்.
முதலில் ட்ரம்ஸை, அங்கே வேறு யாரையோ தேடுவதுபோல.
பிறகு என்னை.
நான் பெடலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.
'பேரை மாத்தலையா?' என்றான், பொதுவாக.
'போஸ்டர், ஜிபே எல்லாம் இந்தப் பேர்லதாண்ணே' என்றான் பென்னி.
'அந்த டையையாவது நேராக்குங்கடா.
அன்னைக்குக் கை நடுங்கிருச்சு.'
முகில்வண்ணன் பதறிவிட்டான்:
'ஐயோ, அது அப்படித்தாண்ணே இருக்கணும்.'

வேன் கிளம்பும் முன் குழுப் படம் ஒன்று வேண்டுமென்றார்கள்.
போனை சுல்தான் வாங்கிக்கொண்டான்.
'கொஞ்சம் நெருங்கி நில்லுங்க.'
நெருங்கி நின்றோம்.
நீயும் வா என்று யாரும் கூப்பிடவில்லை.
நானும்.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.
நாங்கள் நாலு பேர்,
ஓரத்தில் மங்கலாக
அவன் கட்டைவிரல்.