நாளொன்றுக்கு

முப்பத்தையாயிரம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
இருபத்தெட்டு.
அதன் பக்கத்தில், யாரும் கேட்காமலே,
'பேசித் தீர்மானிக்கலாம்' என்றொரு வால்.

வெள்ளவத்தையில் இரவு பத்தரை.
கடலோரமாய் ரயில் போனால்
மேசையில் தண்ணீர்த் தம்ளர் கொஞ்சம் நடுங்கும்.
நானும்தான், ஒரு சைபருக்கு.

நிலூக்ஷியின் மெயில் இனிமையானது.
"அக்கா, இந்த முறை பட்ஜெட் இறுக்கம்.
நல்ல நோக்கத்துக்குத்தானே.
மதியச் சாப்பாடு தருவோம்."
தலைப்பு: பெண்களின் உழைப்புக்கு நியாயமான ஊதியம்.
இடம்: காலிமுகத்திடல் பக்கம், ஐந்து நட்சத்திரம்.
மண்டபத்துக்கு நல்ல நோக்கத்தைச் சொல்லி
கழிவு கேட்டிருக்க மாட்டார்கள்.
பூச்சாடிகளுக்கும்.

"நீங்கள் பேசுறதுதானே,
இரண்டு பாஷையும் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு."
தண்ணி.
சிங்களம் எனக்கு முதலில் வந்தது
பொலிஸ் பதிவு வரிசையில்.
பிழையில்லாத சிங்களம் பிறகு,
பொரளையில், இரவு வகுப்பில்,
மூன்று வருஷம், காசு கட்டி.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேர்.
இருபது நிமிஷம் நான், இருபது நிமிஷம் பஸ்மினா.
காதில் விழுவதை வாங்கிக்கொண்டே
அதற்கு முந்தினதைக் கொடுக்கவேண்டும்.
ஓமா இல்லையா என்பது
கடைசிச் சொல்லில்தான் தெரியும்,
அதற்குள் பாதி வாக்கியத்துக்கு
நான் பொறுப்பு ஏற்றிருப்பேன்.
பின்னேரம் சைவக்கடையில் வாய் திறக்கப் பஞ்சி.
தோசைக்கு இரண்டு விரல் காட்டுவேன்.

மார்ச்சில், நாரஹேன்பிட்டியில், சம்பளப் பேச்சு.
கம்பனி ஆள் சொன்னார்:
கொழுந்து பறிப்பது திறமை தேவைப்படாத வேலை.
அதைத் தமிழில் போட்டேன்,
தேவைக்கு மேல் அழகாகவே.
தலவாக்கலை பவுனம்மா
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்,
அவசரப்படாமல்.
"இந்த விலைக்கு நான் வரமாட்டேன்."

எங்கள் தொழிலில்
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
நான் என்றால் நான்.
மே காணட்ட மம என்னே நே
என்றேன், கண்ணாடிக்குள்ளிருந்து,
மண்டபம் முழுக்க.
பஸ்மினா குறிப்புத்தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.
என் குரல்தான்.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேச்சு அன்றைக்கு முறிந்தது.
எங்கள் காசு மூன்று மாதம் கழித்து வந்தது,
இரண்டு முறை ஞாபகப்படுத்திய பிறகு.

சரி.
நாளொன்றுக்கு, ஆளொன்றுக்கு: நாற்பதாயிரம்.
இரண்டு பேர் கட்டாயம்.
கடைசி நேரத்தில் நிறுத்தினால் பாதி.
வாலை வெட்டினேன்.
அனுப்பிவிட்டு
குளியலறையில் நின்று பல் தீட்டினேன்,
ஏற்கெனவே தீட்டிய பல்லை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை.
குப்பை மெயிலுக்குள்ளும் தேடிப் பார்த்தேன்.
மூன்றாம் நாள்:
"நன்றி அக்கா. வேறு ஒழுங்கு செய்துவிட்டோம்."
கீழே ஒரு மஞ்சள் பூ.

நூற்றொன்றில் நின்றபடி பஸ்மினாவுக்கு எடுத்தேன்.
"நீங்களா போறீங்க?"
"ம்."
"ஆரோட?"
"தனியத்தான். ஒரு நாள்தானே என்றாங்க."
"எவ்வளவு?"
கொள்ளுப்பிட்டிச் சந்தியில்
எல்லா ஹோனும் ஒன்றாய் அடித்தன.
"இருபத்திரெண்டு."

கோபம் வந்தது.
பம்பலப்பிட்டி வரைக்கும் இருந்தது.
ஒரு முழு நாள், தனியே, அந்தப் பெட்டிக்குள்.
மத்தியானத்துக்குப் பிறகு
அவளுக்குத் தொண்டை கட்டும். எனக்குத் தெரியும்.
"அதென்ன கணக்கு பஸ்மினா?
எங்கேயிருந்து எடுத்தீங்க இருபத்திரெண்டை?"

"அது நீங்க போன வருஷம் வாங்கின கணக்கு" என்றாள்.
"அதுக்கு மேல நான் எப்படிக் கேக்க?"